ஏழு பேர், ஒரு மேசை: டிப்ளோமசியை நேரில் ஆடுவதும் இணையத்தில் ஆடுவதும்

7 ஜனவரி 2024

வாசகர் ஒருவரின் கேள்வி: “டிப்ளோமசி ஆடுவதற்கு ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம், ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. இணையத்தில் எந்த நேரத்திலும் ஏழு பேர் கிடைக்கிறார்கள். பகடை இல்லை, சீட்டு இல்லை, எல்லாமே பேச்சும் ஆர்டரும்தான் என்றால், பேச்சு எழுத்தாக மாறுவதால் மட்டும் ஆட்டம் மாறிவிடுமா? நேரில்தான் ஆட வேண்டும் என்பவர்கள் பழகிய வழக்கத்தின் மேலுள்ள பற்றினால் அப்படிச் சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.”

மாறிவிடும் என்பதே என் அனுபவம். ஆட்டத்தை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடத்தில் ஆஸ்திரியா, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா, துருக்கி ஆகிய ஏழு வல்லரசுகளை ஏழு பேர் ஆடுகிறார்கள். மொத்தம் 34 சப்ளை மையங்கள், அதாவது படைகளை வைத்துக்கொள்ள ஆதாரமான இடங்கள். அவற்றில் 18ஐப் பிடிப்பவர் வெல்கிறார். ரஷ்யாவுக்கு நான்கு படைகளும் மற்ற ஒவ்வொருவருக்கும் மூன்று படைகளுமாக 1901ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஆட்டம் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சு. பிறகு எல்லோரும் தங்கள் படைகள் என்ன செய்ய வேண்டும் என்ற ஆர்டர்களை இரகசியமாக எழுதி, ஒரே நேரத்தில் திறந்து படிக்கிறோம். எல்லாப் படைகளுக்கும் பலம் ஒன்றே. இரண்டு படைகள் ஒரே இடத்துக்குப் போக முயன்றால் முட்டிக்கொண்டு, இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே இன்னொருவருடைய துணை இல்லாமல் யாரும் வெகுதூரம் போக முடியாது. ஆனால் அந்தத் துணையைத் தருவதாகச் சொன்னவர் தந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

2016 முதல் 2020 மார்ச் வரை நங்கநல்லூரில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் ஏறக்குறைய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஆடினோம். அதன்பின் இணையத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருக்கிறேன். இரண்டையும் ஒப்பிடும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது முகம். 2018இல் ஓர் ஆட்டத்தில் எனக்கு ஆஸ்திரியா வந்தது. இத்தாலியை ஆடியவர் என்னைவிட எட்டு வயது இளையவர். “அண்ணா, வெனிஸ்ல இருக்கற படை அங்கேயே நிக்கும். நான் கப்பலோட துருக்கி மேல போறேன், நீங்க பயப்படாதீங்க” என்றார். அதை நம்பி, வெனிஸை ஒட்டிய என் துறைமுகமான ட்ரியெஸ்டில் இருந்த கப்பற்படையை அல்பேனியாவுக்கு அனுப்பினேன். ஆர்டர்களைத் திறந்தபோது, காலியாகக் கிடந்த ட்ரியெஸ்டுக்குள் அவருடைய வெனிஸ் படை நுழைந்திருந்தது. என்னிடம் பேசியபோது அவர் என் கண்ணைப் பார்க்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இணையத்தில் அந்தப் பார்வை கிடைக்காது. நேரில் ஆடுவதன் சாரமே அதுதான் என்று நினைக்கிறேன்.

9 ஜனவரி 2024

காலத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். விதிப்புத்தகத்தின்படி முதல் சுற்றுப் பேச்சுக்கு 30 நிமிடங்கள், அடுத்த ஒவ்வொரு சுற்றுக்கும் 15 நிமிடங்கள். ஆட்டத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் வசந்தம், இலையுதிர்காலம் என்று இரண்டு சுற்றுகள்; 1908 இலையுதிர்காலம் வரை ஓர் ஆட்டம் போனால் 16 சுற்றுகள். பேச்சுக்கு மட்டும் நாலேகால் மணி நேரம். ஆர்டர் எழுதுவது, படிப்பது, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு பகல் முழுவதும் போய்விடும். அதே ஆட்டம் இணையத்தில் சுற்றுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டு வாரத்துக்கு மேலும், இரண்டு நாள் என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் ஓடுகிறது.

நேரில் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆறு பேரிடமும் பேசி முடிக்க முடியாது. யாரிடம் பேசாமல் விடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் தீர்மானித்தாக வேண்டும். இணையத்தில் அந்த நெருக்கடி இல்லை. எல்லோருக்கும் கடிதம் எழுத நேரம் இருக்கிறது. ஆகவே எல்லோரும் எல்லோரிடமும் நட்பாகவே இருக்கிறார்கள், அந்த நட்புக்கு எடை குறைவாக இருக்கிறது.

21 ஜனவரி 2024

7ஆம் தேதி எழுதியதில் ஒரு பெரிய திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, 2018இல் இத்தாலியை ஆடிய நண்பரே தொலைபேசியில் அழைத்தார். அவர் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார்; பேசி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். “அண்ணா, உங்ககிட்ட பேசினப்போ நான் பொய்யே சொல்லலை. அப்போ துருக்கி மேலதான் போறதா இருந்தேன். அதுக்கப்புறம்தான் ரஷ்யா என்னை சமையலறைக்குக் கூட்டிட்டுப் போனாரு” என்றார். என்னோடு பேசி முடித்துப் பத்து நிமிடம் கழித்து, அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, வார்சாவுக்கும் வியன்னாவுக்கும் நடுவிலுள்ள கலீசியாவில் தன் வார்சா படையை முட்டவிட்டு என் வியன்னா படையைக் கட்டிப்போடுவதாக ரஷ்யா அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ட்ரியெஸ்டுக்குள் நுழையும் எண்ணமே அங்கேதான் பிறந்திருக்கிறது.

அப்படியானால் அவருடைய கண்ணில் நான் கண்டதாகச் சொன்னது என்ன? ஒன்றுமில்லை. முடிவு தெரிந்தபிறகு என் மனம் அந்தக் காட்சியைத் திருத்தி எழுதிக்கொண்டது. அவர் வரைபடத்தைப் பார்த்தபடி பேசியது உண்மைதான்; ஆனால் இந்த ஆட்டத்தில் எல்லோருமே வரைபடத்தைப் பார்த்தபடிதான் பேசுகிறோம்.

இதை யோசிக்க யோசிக்க, அந்த அறையில் எனக்கு உண்மையாகவே கிடைத்த செய்தியை நான் கவனிக்காமல் விட்டேன் என்பது தெளிவாகிறது. இத்தாலியும் ரஷ்யாவும் ஆறு ஏழு நிமிடம் சமையலறையில் இருந்துவிட்டு, கையில் தேநீர்க் குவளைகளோடு ஒன்றாக வெளியே வந்தார்கள். நான் அப்போது மாடிப்படியில் துருக்கியோடு பேசிக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் எல்லையே ஒட்டாத இத்தாலிக்கும் ரஷ்யாவுக்கும் ஆறு நிமிடம் பேசுவதற்கு, இருவருக்கும் நடுவில் கிடக்கும் ஆஸ்திரியாவைத் தவிர வேறு விஷயம் ஏது? முகத்தைப் படிக்கும் திறமை எனக்குத் தேவைப்படவே இல்லை. யார் யாருடன் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை எண்ணியிருந்தால், கப்பற்படையை ட்ரியெஸ்டிலேயே நிறுத்தியிருப்பேன். பலம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகி, இத்தாலியின் படை நுழைய முடியாமல் திரும்பியிருக்கும்.

எனவே முதல் கேள்விக்கு என் விடை மாறுகிறது. நேரில் ஆடும்போது பேசும் சொல் இரகசியமானது. பேசுகிறார்கள் என்பது பகிரங்கமானது. இணையத்தில் அந்த இரண்டாவது செய்தி முழுவதுமாக மறைந்துபோகிறது. இரஷ்யாவும் இத்தாலியும் நாற்பது கடிதம் எழுதிக்கொண்டார்களா, ஒன்றுகூட எழுதவில்லையா என்று ஆஸ்திரியாவுக்குத் தெரிய வழியே இல்லை. நான் இழந்தது இதைத்தான், முகத்தையல்ல.

24 ஜனவரி 2024

ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: குரல் அறைகளில் ஆடினால் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியலிலேயே தெரிகிறது, ஆகவே நான் சொல்லும் இழப்பு எழுத்தாட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்கிறார்.

பாதி சரி. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது நேர்முகப் போட்டிகள் பலவும் இப்படித்தான் மாறின: படைகளை நகர்த்த ஓர் இணையதளம், பேசுவதற்கு டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் தனித்தனிக் குரல் அறைகள், சுற்றுக்குக் கால் மணி நேரக் கெடு. எங்கள் ஏழு பேரும் அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து அப்படி ஆடினோம். வழக்கமான ஞாயிற்றுக்கிழமை திரும்பிவந்ததுபோல் முதல் ஆட்டத்தில் அத்தனை மகிழ்ச்சி. பெயர்ப் பட்டியலைப் பார்த்து, “ஜெர்மனியும் இங்கிலாந்தும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்” என்று நானும் கணக்கிட்டேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் எல்லோருக்கும் ஒரு வழி தெரிந்துவிட்டது. குரல் அறையில் பிரான்ஸோடு பேசிக்கொண்டே, கைப்பேசியில் ஜெர்மனிக்குத் தட்டச்சு செய்யலாம். கண்ணுக்குத் தெரியும் சந்திப்பு வெறும் திரையாகிவிட்டது. நங்கநல்லூரில் ஓர் ஆள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடிந்தது. அந்தக் கட்டுப்பாடுதான் சந்திப்புக்குப் பொருள் தந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

11 பிப்ரவரி 2024

மொழியைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: நேரில் தமிழில் ஆடினீர்களா, ஆங்கிலத்திலா, அதனால் ஏதாவது வேறுபாடு உண்டா என்று. இதைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது.

நேரில் தமிழில்தான் பேசினோம். இணையத்தில் அந்நியர்களோடு ஆங்கிலத்தில் எழுதுகிறேன். தமிழில் ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் வேறு. கேட்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிவித்தே ஆக வேண்டும். கூட்டணிகளின் ஆட்டத்தில் இது சாதாரணச் செய்தியல்ல. 2018 ஆட்டத்துக்கே திரும்புகிறேன். அன்று முதல் சுற்றின் கடைசி நிமிடங்களில் ரஷ்யா என்னிடம் வந்து, “கவலைப்படாதீங்க, நாங்க கலீசியாவுக்கு வரமாட்டோம்” என்றார். அதுவரை அவர் ஒவ்வொரு முறையும் ‘நான்’ என்றுதான் பேசியிருந்தார். அந்த ‘நாங்க’வில் இன்னொருவர் இருந்தார், சமையலறையிலிருந்து வெளியே வந்த அதே இன்னொருவர். வாக்கின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை, கலீசியாவுக்குப் படையை அனுப்பி முட்டவும் செய்தேன்; ஆனால் அந்தச் சொல்லை நான் கேட்டதாகவே உணரவில்லை. ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தை எழுதியிருந்தால், ‘நாம் இருவரும்’ என்றும், ‘ரஷ்யாவாகிய நாங்கள்’ என்றும், ‘நானும் இத்தாலியும்’ என்றும் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம், ஒன்றும் தெரியவந்திருக்காது.

உறவுச்சொல்லும் அப்படித்தான். ‘அண்ணா’ என்று அழைத்துவிட்டு முதுகில் குத்துவது எளிதல்ல என்று இத்தாலி நண்பர் அன்றைய தொலைபேசிப் பேச்சில் சொன்னார். குத்திய பிறகு அந்த மாலை முழுவதும் அவர் என்னைப் பெயர் எதுவும் சொல்லாமல் ‘ஆஸ்திரியா’ என்றே கூப்பிட்டார் என்பதை நான் நினைவூட்டினேன். இருவரும் சற்று நேரம் சிரித்தோம். இணையத்தில் வல்லரசின் பெயர்தான் ஆளின் பெயர்; அங்கே குத்துவது எளிது, குத்து வாங்குவதும் எளிது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘பார்க்கலாம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் மென்மையான மறுப்பு என்பது மேசையைச் சுற்றி இருந்த ஏழு பேருக்கும் தெரியும். 2021இல் இணையத்தில் எனக்குத் துருக்கி கிடைத்தது. ரஷ்யாவை ஆடியவர் எந்த நாட்டவரோ தெரியாது. ருமேனியாவுக்குள் தான் நுழைவதற்குப் பல்கேரியாவில் இருக்கும் என் படை துணை நிற்குமா என்று கேட்டார். பார்க்கலாம் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார், துணை வரவில்லை, ஆட்டம் முழுவதும் அவருக்கு நான் பொய்யன். 1904ஆம் ஆண்டுச் சுற்றில், 1901இல் நான் எழுதிய அந்த ஒற்றை வரியை எடுத்து எனக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஒட்டி அனுப்பினார். நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்கு விளக்க முயன்று முடியாமல்போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

13 பிப்ரவரி 2024

மேலே சொன்ன சம்பவத்திலிருந்து ஒன்று. எழுத்து அழிவதில்லை. நேரில் சொன்ன வாக்கு காற்றில் போய்விடுகிறது. “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்ற வாதத்துக்கு இடமிருக்கிறது, அந்த வாதமே அடுத்த பேச்சுக்குத் தொடக்கமாகிறது. எழுத்தில் அந்த இடம் இல்லை. ஆகவே இணையத்தில் தேர்ந்தவர்கள் தெளிவான பொய்யை அரிதாகவே எழுதுகிறார்கள். உண்மையின் ஒரு பகுதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நேர்மையைக் கடைப்பிடிக்கும் ஆட்டக்காரராக நான் மாறியது இணையத்தில்தான்.

3 மார்ச் 2024

வரலாற்றில் ஒரு திருத்தம். இதுவரை நான் எழுதியவற்றில், நேராட்டமே மூலம், தொலைவிலிருந்து எழுதி ஆடுவது பின்னாளில் வந்த நகல் என்ற தொனி இருக்கிறது. அது முறையல்ல.

ஆலன் கால்ஹமர் இந்த ஆட்டத்தை 1954இல் உருவாக்கினார். பதிப்பகங்கள் ஏற்காததால் 1959இல் தன் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் அச்சிட்டார். நான்கே ஆண்டுகளில், 1963இல், நியூயார்க்கில் ஜான் போர்ட்மன் ‘கிராஸ்டார்க்’ என்ற சிற்றிதழைத் தொடங்கி அஞ்சல் வழியாக ஆட்டங்களை நடத்த ஆரம்பித்துவிட்டார். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பேரம் பேசி, ஆர்டர்களை நடுவருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். முடிவுகள் இதழில் அச்சாகி வந்தன. ஓர் ஆட்டம் முடிய ஆண்டுக் கணக்காகும். 1983இல் கம்ப்யூசர்வ் என்ற கணினி வலையமைப்பில் இந்த ஆட்டம் வந்தது. 1988இல் ஆர்டர்களைத் தானே தீர்க்கும் கணினி நடுவர் வந்தது; நேரில் ஆடும் உலகப் போட்டி முதன்முதலாக பர்மிங்காமில் கூடியதும் அதே 1988இல்தான். இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே வயதுடைய உடன்பிறப்புகள்.

கால்ஹமர் பிற்காலத்தில் சிகாகோவுக்கு அருகில் அஞ்சல் ஊழியராகத்தான் வேலை பார்த்தார், 2013இல் மறைந்தார். அவருடைய ஆட்டத்தை இத்தனை பேர் அஞ்சல் உறைகளில் வைத்து ஆடினார்கள் என்பதும், அவரே வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோனவர் என்பதும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆகவே, இணையம் ஆட்டத்தைக் குறைத்துவிட்டது என்று இனி எழுதமாட்டேன். இணையம் செய்தது கடிதத்தின் வேகத்தைக் கூட்டியதுதான்.

4 மார்ச் 2024

வேகம் கூடியதில் ஒரு கெடுதல்: அஞ்சலில் ஆடியவர் அஞ்சல்காரர் வரும்வரை ஆட்டத்தை மறந்திருக்கலாம். நான் 2021இல் நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து கைப்பேசியைப் பார்த்தேன், ஏனென்றால் நியூயார்க்கில் அப்போது மாலை. அந்த ஆண்டு ஒரே நேரத்தில் நான்கு ஆட்டங்கள் வைத்திருந்தேன். இப்போது ஒன்றுக்கு மேல் ஏற்பதில்லை.

17 மார்ச் 2024

ஆர்டர் எழுதும் பிழைகளைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். இணையத்தில் படையைத் தொட்டு, போகும் இடத்தைத் தொட்டால் ஆர்டர் முடிந்தது. முடியாத நகர்வைப் பெரும்பாலான தளங்கள் ஏற்கவே ஏற்காது. காகிதத்தில் அப்படியல்ல. வரைபடத்தில் நார்வே, நார்வேஜியக் கடல், வட கடல், வட அட்லாண்டிக், வட ஆப்பிரிக்கா ஆகிய ஐந்து இடங்களின் ஆங்கிலப் பெயர்களும் ஒரே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. எங்கள் வீட்டில் ஒருமுறை இங்கிலாந்தை ஆடியவர், எடின்பரோவில் இருந்த கப்பற்படைக்கு அந்த மூன்றெழுத்தை மட்டும் எழுதினார். எடின்பரோவிலிருந்து வட கடலுக்கும் போகலாம், நார்வேஜியக் கடலுக்கும் போகலாம். எது என்று தெளிவில்லாததால் கப்பல் நகரவில்லை. வட கடலுக்கு வருவதாக பிரான்ஸுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அது பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்விக்கு அவர் இன்றுவரை விடை சொல்லவில்லை.

காகிதத்தில் கைத்தவறும் ஓர் ஆயுதம் என்பதால் இதைச் சொல்கிறேன். வாக்கை மீறிவிட்டு நட்பையும் காப்பாற்றிக்கொள்ள அது ஒரு வழி. இணையத்தில் “தவறாகத் தொட்டுவிட்டேன்” என்று சொல்பவரை நான் ஒருமுறைகூட நம்பியதில்லை.

18 மார்ச் 2024

ஆட்டத்திலிருந்து வெளியேறியவர்களைப் பற்றியும் ஒரு வரி. 2018இல் 1904ஆம் ஆண்டுச் சுற்றிலேயே என் ஆஸ்திரியா அழிந்தது. அப்போது பகல் ஒன்றரை மணி, ஆட்டம் முடிந்தது மாலை ஆறரைக்கு. நேராட்டத்தின் உண்மையான குறை இதுதான், இதற்கு நான் எந்த மாற்றும் கண்டதில்லை. இணையத்தில் அழிந்தவர் அன்றே விடுதலை பெறுகிறார். ஆனால் தோற்கத் தொடங்கியவர் சொல்லாமல் போய்விடுவதும் இணையத்தில்தான். ஆர்டர் வராத படைகள் நின்ற இடத்திலேயே நிற்க, பக்கத்து நாட்டுக்காரர் உழைப்பில்லாமல் வளர்ந்துவிடுகிறார். சாப்பாட்டுக்கு முன் ஒருவர் வீட்டை விட்டு எழுந்து போனதை நான் பார்த்ததே இல்லை.

14 ஏப்ரல் 2024

டிப்ளோமசி ஆடும் சிசரோ என்ற கணினி நிரலைப் பற்றிக் கேட்டவருக்கு. 2022 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த மெட்டா நிறுவன ஆய்வாளர்களின் கட்டுரையைப் படித்தேன். அந்த நிரல் மனிதர்களோடு இணையத்தில், சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்ற விரைவாட்டமாக, 40 ஆட்டங்கள் ஆடியது. எதிரே இருந்தது நிரல் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் அது வந்தது. சராசரி மனித ஆட்டக்காரரைப்போல் இரு மடங்குக்கு மேல் புள்ளிகள் பெற்றது. அது எழுதிய கடிதங்கள், அந்தச் சுற்றில் அது செய்யத் திட்டமிட்ட நகர்வுகளின் அடிப்படையில் உருவாக்கப்பட்டவை.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது, எழுத்தாட்டம் தன்னளவில் முழுமையானது என்பதுதான். முகமும் குரலும் சமையலறையும் இல்லாத இடத்திலும் நம்பிக்கை உருவாகிறது, அந்த நம்பிக்கையை வைத்து ஆட்டத்தை வெல்ல முடிகிறது. 13 பிப்ரவரி குறிப்பில் நான் எழுதியதற்கும் இது பொருந்துகிறது: செய்ய நினைப்பதை ஒட்டியே எழுதுவது எழுத்தில் நல்ல உத்தி. மேசையில் அதே உத்தி எடுபடுமா என்பதற்கு இந்த 40 ஆட்டங்களில் விடை இல்லை.

பேச்சே இல்லாத வகையும் இணையத்தில் உண்டு, கன்போட் என்பார்கள். யார் யாரென்று தெரியாமல், ஒரு சொல்லும் எழுதாமல், ஆர்டர்களாலேயே பேச வேண்டும். கேட்காமலே பக்கத்து நாட்டின் படைக்கு நின்ற இடத்தில் துணை கொடுப்பேன். அடுத்த சுற்றில் அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தால் கூட்டணி பிறந்துவிட்டது. நான் ஆடியவற்றில் மிக நீண்ட கூட்டணி, பத்து ஆட்ட ஆண்டுகள் ஒருமுறைகூட முறியாதது, அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில்தான் அமைந்தது. அந்த இங்கிலாந்து யார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

16 ஜூன் 2024

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற ஞாயிற்றுக்கிழமை நேரில் ஆடினோம். அதே வீடு, அதே வரைபடம், மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்டது. பழையவர்கள் ஐந்து பேர். இணையத்தில் மட்டுமே ஆடிப் பழகிய இருவர் புதிதாக வந்தார்கள்.

இங்கிலாந்தை ஆடிய இளம்பெண்ணைப் பற்றி எழுதவே இந்தக் குறிப்பு. அவர் ஒரு சிறிய குறிப்பேட்டுடன் வந்திருந்தார். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும், எதிரே இருந்தவரின் முன்னாலேயே, என்ன ஒத்துக்கொண்டோம் என்பதை எழுதி வாசித்துக் காட்டினார். 1905இல் பிரான்ஸ், “ஆங்கிலக் கால்வாயைக் காலியாக வைப்பதாக நான் சொல்லவே இல்லையே” என்று தொடங்கியபோது, அவர் பக்கத்தைத் திருப்பி மூன்று சுற்றுகளுக்கு முன் எழுதியதை அமைதியாகப் படித்தார். எங்கள் மேசையில் அப்படி ஒன்று அதற்குமுன் நடந்ததில்லை. இணையத்தின் அழியாத எழுத்தை அவர் கையோடு கொண்டுவந்துவிட்டார். பிரான்ஸை ஆடிய என் பழைய நண்பர், பொய்யும் மறுப்பும் கலந்த பேச்சில் எங்களில் மிகத் தேர்ந்தவர், அதன்பின் அன்று முழுவதும் தடுமாறினார்.

இரண்டாவது விஷயம் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. நான் துருக்கி, என் 21 ஜனவரி குறிப்பின் பாடத்தை மனதில் வைத்து, யார் யாருடன் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தேன். மற்ற ஐவரிடமும் அது வேலை செய்தது. அந்தப் பெண்ணிடம் செய்யவில்லை. அவர் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பேரிடமும் ஏறக்குறைய சமமாக இரண்டு இரண்டு நிமிடம் பேசினார், எல்லை ஒட்டாத என்னிடமும்கூட. அவருடைய நடையிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஜெர்மனியோடு அவருக்கிருந்த கூட்டணியை 1906இல் ஆர்டர்களைத் திறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, “இணையத்தில் எல்லோருக்கும் கடிதம் எழுதித்தான் பழக்கம், சார்” என்றார். எல்லோருக்கும் எழுதும் நட்புக்கு எடை இல்லை என்று 9 ஜனவரியில் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. அந்த எடையின்மையே அவருக்குத் திரையாக இருந்திருக்கிறது. ஒன்பது நிமிடமும் மூன்று நிமிடமும் என்ற ஏற்றத்தாழ்வைத்தான் நான் படிக்கப் பழகியிருந்தேன். சமமாகப் பேசுபவரைப் படிக்க எனக்கு இன்னும் தெரியாது.

மாலை ஏழு மணிக்கு இங்கிலாந்து, ஜெர்மனி, துருக்கி மூவரும் சமநிலைக்கு ஒத்துக்கொண்டோம். இங்கிலாந்திடம் 14 மையங்கள் இருந்தன. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருந்தால் அவர் 18ஐ எட்டியிருப்பார் என்றே நம்புகிறேன்.

18 ஜூன் 2024

முதல் கேள்வியைக் கேட்டவருக்கு, இவ்வளவு தாமதமாக, நேரடியான விடை.

ஏழாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆறு பேர் என்றால் இத்தாலியை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிட விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. அதன் படைகள் நின்ற இடத்தில் நிற்கும். ஆஸ்திரியாவுக்கு மேற்கே கவலை குறையும், பிரான்ஸுக்குத் தெற்கே இடம் கிடைக்கும். சற்றுச் சாய்ந்த ஆட்டம்தான், ஆனாலும் நல்ல ஆட்டம். முதலில் நீங்கள் ஆறு பேரும் இணையத்தில் தனித்தனியாக ஒவ்வொரு ஆட்டம் ஆடிவிட்டு வாருங்கள். துணை, முட்டல், கப்பல்வழிப் படைமாற்றம் ஆகியவற்றின் விதிகளைத் தளமே பிழையில்லாமல் தீர்த்துக் காட்டும். மேசையில் விதிக்காகச் சண்டை வராது. பிறகு நேரில் கூடும்போது எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள், இடப்பெயர்களை முழுமையாக எழுதுங்கள், குறைந்தது மூன்று தனி இடங்களாவது உள்ள வீடாகப் பாருங்கள்: கூடம், சமையலறை, மாடிப்படி எங்களுக்குப் போதுமாக இருந்தது. சாப்பாட்டை 1903 இலையுதிர்காலச் சுற்று முடிந்தபின் வையுங்கள். அதற்குள் யாரும் அழிவது அரிது, ஆகவே அதுவரையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

எங்கள் அடுத்த ஆட்டம் ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலி நண்பர் விடுப்பில் வருகிறார்.